பம்ப் நிற்கும் நேரம்

குழந்தையைப் பார்க்கப் போன வீட்டில், அதைத் தூக்குவதற்கு முன்பாகவே பிரஷர் அக்கா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டபடி நிற்கிறார். "கையக் கழுவிட்டுத்தான் தூக்குவாங்க போல, நல்ல பழக்கம்" என்று மெச்சுகிறார் குழந்தையின் தாத்தா. ஆனால் கை நனையவே இல்லை. மாடிக் குளியலறையிலிருந்து குழந்தையின் அப்பாவின் குரல் வருகிறது: "அங்க யாரு குழாயத் திறந்தது? இங்க தண்ணி நின்னு போச்சு!"

"நெனச்சேன். மாடிக்கு ஏத்துற குழாய் ஒரு சைஸ் சின்னதாப் போட்டுட்டாங்க" என்று குழாயை மூடிவிட்டு, அதன் பிறகே குழந்தைக்குக் கை நீட்டுகிறார்.

குடிநீர்த் திட்டங்களுக்குக் கணக்குப் போடும் அலுவலகத்தில் அவருக்கு 'பிரஷர் அக்கா' என்று பெயர். எவ்வளவு தண்ணீர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எந்த வேகத்தில் ஓடும், அதைத் தாங்கக் குழாயின் சுவர் எத்தனை கனம் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய பிழைப்பு. கணினி கண் இமைப்பதற்குள் விடை சொல்லிவிடும். ஆனாலும் பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு உத்தேச விடையை எழுதிவைத்த பிறகே கணினியைக் கேட்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் சந்தேகிப்பார். மதியச் சாப்பாடு நின்றுகொண்டேதான். உட்கார்ந்தால் மேசை மேல் விரித்திருக்கும் வரைபடத்தில் குழம்பு சிந்திவிடுமாம்.

ஊருக்கு வெளியே உள்ள குன்றின் மேல் குடியிருப்புக்குத் தண்ணீர் ஏற்றும் குழாயும் அவர் கணக்குத்தான். அவருடைய உடன்பிறந்த அக்கா அங்கேதான் இருக்கிறார். தண்ணீர் லாரி பாதி வழியில் உள்ள வளைவுக்கு மேல் ஏறாது. முழங்கால் வலியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுபவர்களில் அந்த அக்காவும் ஒருவர்.

திறப்பு விழா நெருங்கியிருந்தபோது ஒரு நாள் அலுவலகத்தில் மின்சாரம் போயிற்று. எல்லோரும் கையில் கிடைத்த காகிதத்தால் விசிறிக்கொண்டார்கள். பிரஷர் அக்கா மட்டும் பென்சிலைத் தேடினார். பம்பை நிறுத்துவதற்கு முன் ஆபரேட்டர் வால்வை மெதுவாக மூடுவார் என்று வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார். திடீரென்று மின்சாரம் போனால்? ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் அத்தனையும் திரும்பி இறங்கி, கீழே அதைத் தடுக்கத் தானாக அடைத்துக்கொண்ட வால்வில் மோதும். அந்த அடியைப் பம்ப் ஹவுஸை ஒட்டிய குழாய் தாங்காது. அதன் ஓரமாக ஒரு வரிசை வீடுகள்.

"ஊரெல்லாம் சொல்லியாச்சு, இப்ப வந்து சொல்றீங்களே!" என்றார் மேலாளர். "ஆபரேட்டர் பாத்து நிறுத்த மாட்டாரா?"

"கரண்ட் நம்மகிட்ட சொல்லிட்டா சார் போகுது?"

"டெஸ்ட்ல தாங்குச்சேம்மா."

"ஓடுறப்ப வர்ற அழுத்தத்துக்கு டெஸ்ட் பண்ணோம். சட்டுனு நிக்கிறப்ப வர்றதுக்குப் பண்ணல. கணக்கு என்னுது, தப்பும் என்னுது. கீழ்ப்பக்கம் மட்டும் கனமான குழாய் போடணும். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேலாளர் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் தலையில் கை வைத்துக்கொண்டார். கையெழுத்து விழவில்லை.

அக்காவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "பக்கத்து வீட்டுக்காரி கேக்குறாடி, உன் தங்கச்சி தண்ணி தர்றாளா, தேதி தர்றாளான்னு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வெளிய போறது?"

"என்னைத் திட்டிக்கோ அக்கா. குழாய் வெடிச்சா கீழ இருக்கறவங்க வீட்டுச் சுவரு விழும்."

"திட்டத்தான் போறேன். வை போனை!"

கீழ்ப்பக்கக் குழாயைத் தோண்டி எடுத்தார்கள். புதிதாக வந்த ஒவ்வொரு குழாயின் கனத்தையும் அவரே பள்ளத்தில் இறங்கி அளந்தார். சேறு முழங்கால் வரை. "மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறீங்களேக்கா" என்றார் வெல்டர். "எங்க வீட்டுக்காரரை இந்த அளவுக்குப் பாக்கல" என்றார் இவர், அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல். இரண்டு குழாய்களைத் திருப்பி அனுப்பினார். வேலை இன்னும் தள்ளிப்போனது. அக்கா போன் செய்வதையே நிறுத்திவிட்டார்.

பம்ப் ஓடத் தொடங்கிய காலையில்தான் அந்த எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. "வந்துருச்சுடி! கலங்கலா வருது, ஆனா வருது!" பின்னால் குடங்கள் மோதும் சத்தம், யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லும் சத்தம். பம்ப் ஹவுஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா ரொப்பிக்கோ அக்கா. இப்ப நிறுத்தப் போறேன்."

"என்னது? ஏய், இப்பத்தானேடி..."

அவர் போனை ஜன்னலில் வைத்தார். ஓரத்து வீட்டுக்காரர்களை எல்லாம் முன்பே தெருவின் அடுத்த கோடிக்குப் போய் நிற்கச் சொல்லியிருந்தார். வால்வைத் தொடவில்லை. நேராகப் போய், ஓடிக்கொண்டிருந்த பம்பின் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

முதலில் அமைதி. பிறகு தரைக்குள் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல ஒரு சத்தம். அழுத்தமானியின் முள் துள்ளி ஏறி, நடுங்கி, இறங்கியது. வெல்டர் குழாயோரம் ஓடிப் போய் ஒவ்வொரு இணைப்பாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "ஒரு சொட்டு இல்லக்கா!"

"அப்பாடா, போதும்மா" என்று சிரித்தார் மேலாளர்.

"கரண்ட் ஒரு தடவை மட்டுமா சார் போகும்?" என்றார் பிரஷர் அக்கா. முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தார். சுவிட்சை மேலே தள்ளினார். தண்ணீர் முழு வேகத்துக்கு வந்ததும் அதை மறுபடியும் கீழே இழுத்தார்.