வார்னிஷ் பட்ட விளிம்பும் என் உடம்பின் எடையும்

பெட்டி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரே வழிதான்: ஒட்டியதைப் பிய்க்க வேண்டும். அட்டையே கிழிந்து நார் நாராக வந்தால் நல்ல ஒட்டு. ஸ்டிக்கர் மாதிரி அலுங்காமல் பிரிந்து வந்தால், அன்றைக்கு யாருக்கோ வசவு காத்திருக்கிறது. ஓசூரில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பதினாறு வருடமாக நான் இப்படிப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில் "என்ன வேலை?" என்றதற்கு "ஒட்டுறேன், அப்புறம் பிய்க்கிறேன்" என்று உண்மையைச் சொன்னேன். அந்த வீட்டில் எனக்குப் பஜ்ஜியோடு சரி.

போன மார்கழியில் ஊதுபத்திப் பெட்டிகள் ஒரு டெம்போ நிறைய பெங்களூரிலிருந்து திரும்பி வந்தன. பத்தியை உள்ளே வைத்ததும் பக்கவாட்டில் பிளந்துகொள்கின்றனவாம்.

மேனேஜர் கெட்டவர் அல்ல. ஆனால் யார் மேலாவது பழியைப் போட்டால்தான் அவருக்குக் காபி இறங்கும். பேஸ்டிங் மெஷினை ஓட்டியது கெலமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். வீட்டில் தெலுங்கு, மெக்கானிக்கிடம் கன்னடம், என்னிடம் தமிழ். மெஷின் நின்றுவிட்டால் மூன்றும் சேர்ந்து வரும். அந்த வாரச் சனிக்கிழமையோடு அவளுக்கு ஒரு வருடம் முடிந்து வேலை நிரந்தரமாக வேண்டும்.

"பனிக்காலத்துல கம் எறுகிடும்னு தெரியாதா? வெந்நீர்ல வச்சு எளக்காம ஓட்டியிருக்கீங்க," என்றார் மேனேஜர். "இப்ப மெமோ குடுத்தா பர்மனன்ட் தள்ளிப்போயிடும். நான் என்ன பண்ணட்டும்?"

"எளக்கித்தான் சார் ஓட்டினேன்," என்றாள்.

நான் ஒரு பெட்டியை எடுத்துப் பிய்த்தேன். அலுங்காமல் வந்தது. பசை தடவிய விளிம்பு என் முன்மண்டை மாதிரி பளபளத்தது. அது பளபளக்கக் கூடாது. பெட்டி முழுக்க வார்னிஷ் அடித்தாலும், பசை படுகிற அந்த விரலகல விளிம்பை மட்டும் வெறும் அட்டையாக விட்டுவிட வேண்டும். வார்னிஷ் மேல் பசை பிடிக்காது. வார்னிஷ் அடித்த முதல் தாளை வாங்கி அதைச் சரிபார்ப்பது என் வேலை. நான் சரியென்று கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. அதன் விளிம்பும் பளபளத்தது. கையெழுத்துக்குப் பக்கத்திலேயே போண்டா எண்ணெய்.

அதைவிட மோசம், பெட்டி ஒட்டிய அன்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்: "அண்ணா, கம் நிக்கல. வழுக்குது." நான் விஞ்ஞானி மாதிரி பசையை முகர்ந்து பார்த்து, "ஸ்பீடு கொறச்சு ஓட்டும்மா, புடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன்.

மேனேஜர் போன் பேசத் திரும்பியதும் அந்தத் தாளை மெல்லச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினேன். வீரத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. திரும்பிப் பார்த்தால், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆணி ஆடுது போலிருக்கேண்ணா," என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளைக் கழற்றிக்கொண்டு மேனேஜர் மேஜைக்குப் போய், கையெழுத்தையும் எண்ணெயையும் காட்டினேன். அவள் அன்றே சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப மெமோ உங்களுக்குத்தான்."

"குடுங்க சார். இனிஷியல மட்டும் பாத்துப் போடுங்க. போன மெமோவுல தப்பா இருந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் பெட்டி போயாகணும். மறுபடியும் பிரிஞ்சுதுன்னா அந்தப் பொண்ணுக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஒவ்வொரு விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷை எடுத்தோம். பிரஷ்ஷால் பசை தடவி அவள் ஒட்ட ஒட்ட நான் அடுக்கினேன். கையால் ஒட்டியது பிடிக்க வேண்டுமென்றால் மேலே பாரம் வேண்டும். அடுக்கின் மேல் பலகையைப் போட்டுவிட்டுப் பாரத்துக்கு எதைத் தூக்கி வைப்பது என்று தேடினேன். அவள் தேடவில்லை. என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க ஏறி ஒக்காருங்க."

அடுக்குக்குப் பத்து நிமிடம். நேரமானதும் இறங்கி அடுத்த அடுக்கில் ஏறுவேன். அந்த இரண்டு நாளும் நான் ஆள் இல்லை, பாரம். கட்டிங் மெஷின்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். "சானமாவு காட்டுல யானை எறங்கிடுச்சுன்னாங்க. இங்கதான் இருக்குதா?"

மேனேஜரும் வந்தார். "எல்லாரும் வேலை பாக்கறாங்க, நீங்க மட்டும் ஒக்காந்திருக்கீங்க?"

"வேலைதான் சார் பாத்துட்டிருக்கேன்."

மறுநாள் டெம்போவில் ஏற்றும் முன் அவள் அடுக்குக்கு ஒரு பெட்டி உருவிப் பிய்த்தாள். எல்லாமே நார் நாராகக் கிழிந்தன. பெங்களூரிலிருந்து அதன்பிறகு ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை.

சனிக்கிழமை மேனேஜர் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கவர் கொடுத்தார். என்னுடையது தொட்டதுமே பிரிந்துகொண்டது. உள்ளே மெமோ, இனிஷியல் சரியாக இருந்தது. அவள் கவர் லேசில் பிரியவில்லை. இழுத்ததில் வாய்ப்பக்கம் நாராகக் கிழிந்து வந்தது. கடிதத்தைப் படித்தாள். நிரந்தரமாகிவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிழிந்த கவரை என்னிடம் நீட்டினாள்.

"நல்லா புடிச்சிருக்குதுண்ணா. இதையும் ஒங்க அடியில வச்சுத்தான் எடுத்தாங்களா?"