மாமாவின் அறுபத்தைந்து கிலோ

நான் ஐந்தாவது படித்த வருஷம், என் மாமா எத்தனை கிலோ இருக்கிறார் என்பது சின்னசேலத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு கூட்டம் எங்கள் மண்டிக்கு வந்து அதைத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போகும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் கபடி டீமின் ரெய்டர். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. கூட ஆடியவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். களத்துக்குள் அவரை "அண்ணே" என்பார்கள். வெளியே வந்ததும் வாய் தவறி "அங்கிள்" என்று வந்துவிடும். காணும் பொங்கலன்று ஊரில் நடக்கும் போட்டி அறுபத்தைந்து கிலோ எடைப் பிரிவு. நூறு கிராம் கூடினாலும் களத்தில் கால் வைக்க முடியாது. பையன்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மாமாவுக்கோ வருஷத்துக்கு ஒரு கிலோ வீதம் வயிறு வளர்ந்துகொண்டிருந்தது.

அப்பா மக்காச்சோளம் வாங்கி விற்பவர். மண்டி வாசலில் ஒரு எலக்ட்ரானிக் எடைமேடை இருந்தது. எலவனாசூர்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் கூட வழியில் உள்ள மண்டிகளைத் தாண்டி எங்களிடம் வருவார்கள். அப்பாவின் எடையில் ஐம்பது கிராம் தப்பு வராது என்று அப்படி ஒரு பேர். போட்டிக்கு ஆள் எடை பார்க்கவும் அந்த மேடையைத்தான் கேட்டு வாங்கிப் போவார்கள். அதில் அப்பாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சாயங்காலக் கூட்டத்துக்கு இரண்டு தலைவர்கள். ஒருவர் எதிர்க்கடை இரும்புக்கடை பாய். இன்னொருவர் சேலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கபடி ஆடியதில்லை. ஆனால் அவர்கள் பேசுவதைக் கேட்டால், இவர்கள் இல்லாமல் டீம் எப்படித்தான் நடக்கிறதோ என்று தோன்றும்.

"மலை டீமைப் பார்த்தியா பாய்? எல்லாம் இருபது வயசுப் பசங்க. கல்வராயன் மலையில ஏறி எறங்கியே காலு இரும்பா ஆயிக்கினு இருக்குது. நம்ம ஆளு முட்டி கடகடன்னுது. இன்னும் எத்தினி நாளைக்கு வண்டி ஓடும்?" என்பார் கண்டக்டர்.

"இரும்பைப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க. எஞ்சின் நல்லா இருக்குது. இன்னும் மூணு வருசம் ஆடுவாரு. எடை மட்டும் கம்மியாவட்டும்" என்பார் பாய்.

மாமா லோடு வண்டியை நிறுத்திவிட்டு வருவார். அப்பாவின் வண்டியை அவர்தான் ஓட்டினார். சட்டையைக் கழற்றி மேடையில் ஏறுவார். அறுபத்தெட்டு என்று காட்டினால் கண்டக்டர் உச்சுக்கொட்டுவார். அறுபத்தாறு காட்டிய அன்று பாய் எல்லோருக்கும் டீ சொன்னார். மாமா சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். அந்தச் சிரிப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கும். எனக்கு உலகத்திலேயே பெரிய ஆள் அவர்தான். அவர் ஆடாத காணும் பொங்கலை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் அறுபத்தைந்து முந்நூறு காட்டியது. ராத்திரி ஒரு வேளை சாப்பிடாமல் படுத்தால் காலையில் சரியாகிவிடும் என்று இரண்டு தலைவர்களும் அதிசயமாக ஒரே கருத்துக்கு வந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் எடைமேடையை மைதானத்துக்கு ஏற்றினார்கள். மேடையோடு அப்பா போனார். அப்பாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். பனியில் இரும்புத் தகடு ஜில்லென்று இருந்தது. வெறுங்காலோடு ஏறும் பையன்கள் துள்ளிக் குதித்தார்கள். அதனால் அப்பா மூன்று கோணிச் சாக்குகளை மடித்து மேடையில் போட்டு, பட்டனை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மண்டியில் தினமும் நடக்கிற வேலைதான் அது. சாக்கு எடையைக் கழித்துவிட்டுத்தான் சோளத்தின் எடையைச் சொல்ல வேண்டும். சாக்குக்கு ஒரு கிலோ. வாய்ப்பாட்டுக்கு முன்னால் நான் கற்றுக்கொண்ட கணக்கு அது.

மாமாவைக் காணோமே என்று தேடிப் போனேன். மைதானத்துக்குப் பின்னால் அடிபம்பு. அங்கே தனியாக நின்று, தானே அடித்துத் தானே பிடித்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மருந்து குடிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். இரண்டு சொம்பு முடிந்து மூன்றாவதை வாயில் வைத்தபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத பாப்பா" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்து, கடைசி நேரத்தில் தாகம் தாங்காமல் குடித்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு லிட்டராவது உள்ளே போயிருக்கும். இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ என்று டீச்சர் அப்போதுதான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆகமொத்தம் மாமா ஆட முடியாது. நான் மேடையை நோக்கி ஓடினேன். ஓடும்போதே வழியும் தெரிந்துவிட்டது.

மாமாவின் முறை வந்தது. அப்பா மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒரு விவசாயியோடு பேசிக்கொண்டு நின்றார். எடை எழுதும் பொறுப்பு கண்டக்டருடையது; முந்தின பையனின் எடையை நோட்டில் எழுதக் குனிந்திருந்தார். மாமா காலைத் தூக்கி வைக்கிற நேரத்தில் நான் பாய்ந்து மேலே இருந்த இரண்டு சாக்குகளை உருவினேன்.

"காலு ஈரமா இருக்குது மாமா, சாக்கு நனைஞ்சிடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். "சாக்கு மேல இன்னா அக்கறை பாரு! அப்பன் பொண்ணுதான்" என்றார் பாய். மாமா ஏறிவிட்டிருந்தார். கண்டக்டர் நிமிர்ந்து எண்ணைப் பார்த்து உரக்கப் படித்தார்: "அறுபத்தி நாலு எண்ணூறு!"

பாய் கை தட்டினார். மாமா எண்ணைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த சாக்குகளைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். வாயைத் திறந்தவர் எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார். இறங்கி என் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டுக் களத்தை நோக்கிப் போனார். நான் இரண்டு காய்ந்த சாக்குகளை மடித்து மேடையில் போட்டேன். எண் பூஜ்யத்துக்கு வந்தது. அடுத்த பையன் ஏறினான்.

மலை டீமோடு மத்தியானம் கடைசி ஆட்டம். மாமா நன்றாகத்தான் ஆடினார். ஒரு ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தபோது பாய் கண்டக்டரின் துண்டைப் பிடுங்கிச் சுற்றினார். "மூணு வருசம் இல்லப்பா, அஞ்சு வருசம்!" என்று கத்தினார். அடுத்த ரெய்டில் ஒரு மலைப் பையன் மாமாவின் இடது கணுக்காலைப் பிடித்தான். முரட்டுப் பிடி ஒன்றும் இல்லை, சாதாரணப் பிடிதான். மாமா கோட்டை நோக்கித் திரும்பினார். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. விழுந்தவரை முதலில் தூக்கியதும் அந்தப் பையன்தான். "அண்ணே, நான் இழுக்கவே இல்லண்ணே" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே கள்ளக்குறிச்சியில் ஒரு எலும்பு டாக்டர் மாமாவிடம் சொல்லியிருந்தாராம், இந்த முட்டியோடு இனி ஒரு ஆட்டம் கூட ஆடக்கூடாது, ஆடினால் வண்டி ஓட்ட முடியாது என்று. எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் மாமாவின் மனைவி, என் அத்தை, இதைச் சொன்னார். "ஊருல அத்தினி பேரு எதிர்பார்த்துக்கினு இருக்கிறப்ப, வரமாட்டேன்னு எப்பிடி வாயால சொல்றதுன்னாரு. எடையே ஜாஸ்தின்னு காட்டிட்டா யாருக்கும் மனசு சங்கடம் இல்லன்னாரு. கடைசில எப்பிடியோ எடை சரியா காட்டிடுச்சு." அத்தைக்கு எப்படி என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

எடை தப்பு என்று மாமா அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அது அப்பாவின் எடைமேடை. சோளம் வந்து குவிகிற தை மாதம். ஊரே கூடியிருந்த இடம். எல்லாவற்றுக்கும் மேலே, சாக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டது அதனால்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

மாமாவால் அதற்குப் பிறகு க்ளட்ச் மிதிக்க முடியவில்லை. வண்டிக்கு வேறு ஆள் வந்தார். அப்பா மாமாவை எடைமேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கட்டுப் போட்ட காலை ஒரு சோள மூட்டை மேல் நீட்டிக்கொண்டு அவர் எடை சொன்ன முதல் நாள், நான் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே போனேன். யாரும் பக்கத்தில் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்து நீட்டினார்.

"சாக்குக்கு எத்தினி கிலோ பாப்பா?"

"ஒரு கிலோ மாமா."

"ரெண்டு சாக்குக்கு?"

"ரெண்டு கிலோ!"

மாமா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ரகசியமாக நான் செய்த உதவிக்குப் பரிசு கிடைத்துவிட்டது என்று, அந்த உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, வீடு வரைக்கும் வைத்துத் தின்றேன்.