விமானத்துக் கதையும் குழிக் கதையும்

மூணாவது வகுப்போடு நின்றவன் நான். நைனா விட்டுப்போனது ஒரு கிழிந்த வலை. அதிலிருந்து ஃபைபர் படகு, ஐஸ் கடை, மாடி வீடு, காட்டுப்பள்ளி துறைமுக வேலைக்கு ஆள் ஏற்றிப்போக ஒரு வேன், எல்லாம் நானே உண்டாக்கினது. அதோடு, ஏரிக்கரையில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று: இரண்டு இரும்புப் பெட்டி நிறைய போர் சாகச காமிக்ஸ்.

எங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் இவர்தான் வலை விடணும்னு ஊர் கூடி முறை வைக்கும். அடுத்தவர் பாட்டில் வலை போட்டால் ஊரே கேட்கும். எங்கள் முறை வரும்வரை படகில் காத்திருப்போம். அப்போது காமிக்ஸை விரிப்போம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். அதனால் எழுத்தை என் மச்சான், பெண்டாட்டியின் தம்பி, படிப்பான். படத்தில் நடப்பதை நான் சொல்வேன். பக்கத்துப் படகுகள் கிட்டே வந்து கேட்கும்.

சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் பிடிபட்டது. சில கதைகளில் படத்துக்கு மேலே அச்சடித்த வரியே எல்லாம் சொல்லிவிடும். எதிரி எங்கே, பாலம் எப்போது வெடிக்கும், நமக்கு முன்னாலேயே தெரியும். கேப்டன் சாகமாட்டான். வேறு சில கதைகளில் அந்த வரியே இருக்காது. ஒரு சிப்பாயின் கண், சேறு, புகை. பக்கத்தைத் திருப்பினால்தான் அவன் உயிரோடு இருக்கிறானா தெரியும்.

"மச்சான், அது விமானத்துல இருந்து பாக்குற கதை. இது குழியில படுத்துக்கினு பாக்குற கதை" என்றேன்.

"எங்கேருந்து மாமா புடிக்கிறே இதெல்லாம்?" என்று சிரித்தான்.

இப்போது அவன் பொன்னேரியில் வாத்தியார். என் பெட்டிகளை வாங்கிப்போய் போர் காமிக்ஸ் பற்றிப் புத்தகம் போட்டான். வெளியீட்டுக்குப் புது வேட்டி கட்டிப் போனேன். மேடையில் விமானம், குழி இரண்டையும் சொல்லி, "இது என் பார்வை" என்றான். கை தட்டினார்கள். கூட்டத்தோடு நானும் தட்டிவிட்டேன். நன்றிப் பக்கத்தில் அச்சகக்காரர் இருந்தார், அட்டை ஒட்டியவர்கூட இருந்தார். நான் இல்லை.

வெளியே பிடித்தேன். "இன்னா மச்சான், அந்தக் குழி யாருது?"

"பேச்சுல சொன்னதுதானே மாமா. எழுதினவன் நான்."

"என் பாட்டுல நீ வலை விட்டுட்டே."

"அக்கா கிட்ட சொல்லிடாதே" என்றான்.

சொன்னேன். அவள், "உன் பேரைப் போட்டா யாரு வாங்குவாங்க?" என்று மீனைத் திருப்பிப் போட்டாள்.

அடுத்த பதிப்பில் என் பெயர் முதல் பக்கத்தில் வரணும். மூலையில், 'உதவியவர்' என்றெல்லாம் வேண்டாம். இந்த இரண்டு பார்வையையும் சொன்னவர் இவர் என்று, என் படகில் எழுதியிருக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் போடணும். இல்லையென்றால் இதை ஊர்க் கூட்டத்தில் வைப்பேன்.