நல்லா ஓடக்கூடாத வண்டி

கல்யாணமாகி நான் போன வீட்டுக்கு நான்கு சுவர் இருந்தது. ஜப்பான்காரன் எங்கள் தீவுப் பட்டணத்தில் குண்டு போட்ட பிறகு எனக்கு வாய்த்த வீட்டுக்கு நான்கு சக்கரம் இருந்தது. பிறகு அதுவே ஆறு சக்கரமானது. அந்தச் சக்கர வீட்டில் இருந்தவரை ஓரிடத்தில் இருபது நாள் சேர்ந்தாற்போல் தூங்கிய ஞாபகம் எனக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனிப் பட்டறையில் பிட்டர். குண்டு விழுந்து பட்டறை எரிந்தபோது எங்கள் வரிசை வீடுகளும் சேர்ந்து எரிந்தன. ஒன்றரை வயசு மகளைத் தூக்கிக்கொண்டு, கட்டிய புடவையோடு நான் ஆயர் ஈத்தாம் பக்கம் ஓடினேன். இந்த மனுஷன் மூன்றாம் நாள் வந்தார். கையில் அரிசியா, துணியா? ஒன்றும் இல்லை. "சேஸ் ஒண்ணு கிடைச்சிருக்கு, பிள்ள" என்றார். பஸ்ஸின் அடிக்கூடு. மேலே ஒன்றும் கிடையாது, எஞ்சினும் கிடையாது, நீளமான இரண்டு இரும்புச் சட்டமும் சக்கரமும்தான்.

"அத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? புள்ளைக்கு ஆக்கிப் போடவா?" என்று கத்தினேன்.

"வீடு கட்டப் போறேன்" என்றார்.

கட்டிவிட்டார், சும்மா சொல்லக்கூடாது. பெட்டிப் பலகையில் சுவர், தகரத்தில் கூரை, ஒரு கட்டில், பின்னால் எனக்கென்று சமைக்க ஒரு மூலை. எஞ்சினுக்கு, யாரோ விட்டுவிட்டுப் போன சின்னக் கார் ஒன்றைப் பிரித்து, நான்கு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வைத்தார். பெட்ரோல் சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது. அதனால் பக்கத்தில் ஆளுயர இரும்பு டிரம் ஒன்றைப் பொருத்தி, அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையை வடிகட்டி எஞ்சினுக்குக் கொடுத்தார். கரிவாயு என்பார்கள். ஒரு மணி நேரம் ஊதவேண்டும். ஊதுவது யார்? நான்தான். விசிறியின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் இன்றைக்கும் மழை நாளில் வலிக்கும். வடிகட்டியில் தேங்காய் நார் அடைத்திருக்கும். அதை எடுத்து உதறினால் முகமெல்லாம் கரி. ஆனால் அந்த டிரம்மின் சூட்டில்தான் பிள்ளையின் துணி காயும், மரவள்ளிக்கிழங்கு வேகும். அந்த நன்மையையும் சொல்லத்தான் வேண்டும்.

கரிவாயுவில் ஓடினால் எஞ்சினுக்குப் பாதி பலம் போய்விடுமாம். இதை வீடு கட்டுவதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டாமா? ஒரு சின்ன ஏற்றம் வந்தால் போதும், வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிடும். நான் இறங்கிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளுவேன். திட்டிக்கொண்டே தள்ளுவேன். "வண்டி கரியில ஓடுது, உன் வாய் மட்டும் பெட்ரோல்ல ஓடுது" என்று முன்னாலிருந்து சிரிப்பார்.

நாலைந்து மாதத்தில் அவருக்கு அந்த அடிக்கூடு பிடிக்கவில்லை. நீளம் அதிகம், மலை வளைவில் திரும்பவில்லை என்றார். எங்கேயோ ஒரு லோரியின் குட்டைக் கூட்டைப் பிடித்தார். பின்னால் இரட்டைச் சக்கரம். வீட்டைத் தூக்கி அதன்மேல் வைக்க இரண்டடி வெட்ட வேண்டியிருந்தது. அந்த இரண்டடி என் சமையல் மூலை! நான்கு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு, பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த பட்டாளத்து லோரி ஒன்றிலிருந்து ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். அதைப் பூட்டி முடித்த அன்று அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாலிக் புலாவ் மலைப்பாதையை எங்கள் வீடு நிற்காமல் ஏறியது. நான் ஜன்னலில் உட்கார்ந்தபடி போனேன். ராணி மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை.

தொல்லையும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

நன்றாக ஓடுகிற வண்டியை ஜப்பான்காரன் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்வான். ஓட்டத் தெரிந்தவனையும் சேர்த்துச் சயாமுக்கு அனுப்புவான். அங்கே ரயில் பாதை போடப் போனவர்கள் திரும்பவில்லை என்ற பேச்சு அதற்குள் வந்துவிட்டது. சரி, ஓடாமல் நிறுத்தி வைப்போம் என்றால், ஓடாத வண்டியைப் பழைய இரும்பென்று இழுத்துப் போய்விடுவான். எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர் வண்டிகள் இப்படி ஆளுக்கொரு விதமாகப் போயின. ஆகவே எங்கள் வண்டி ஓடவும் வேண்டும், நல்லா ஓடவும் கூடாது. தவுக்கே என்று சொல்லும் சீன முதலாளி ஒருவருக்குக் கரி மூட்டை ஏற்றுகிற நோஞ்சான் வண்டி என்று இவர் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். அந்தச் சீட்டில் இருந்தது பழைய கார் எஞ்சினின் எண். உள்ளே இருந்தது வேறு எண். யாராவது ஒப்பிட்டுப் பார்த்தால் தொலைந்தோம். ஒரே இடத்தில் பத்து நாள் நின்றால் கண்ணில் படுவோம் என்று ஜெலுத்தோங், சுங்கை ஆரா, பாலிக் புலாவ் என்று சுற்றிக்கொண்டே இருந்தோம். துணி காய்வதற்குள் கிளம்புவோம். பிள்ளை ஈரத் துணியோடு தூங்கும்.

பரிசோதனைக்கு வந்தால் என்ன செய்வது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கரிவாயு பெட்ரோல் மாதிரி சட்டென்று எரியாது, அதனால் பொறி கொஞ்சம் முந்தி விழவேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கு ஒரு சின்ன லீவர். கீழே இழுத்தால் பொறி முந்தும், எஞ்சின் பாடும். மேலே தள்ளி வைத்தால் பிந்தும், எஞ்சின் இருமும், நடுங்கும், புகையும். "யார் வந்தாலும் லீவர் மேலதான் இருக்கணும். தொடக்கூடாது. உன் கோவத்த எல்லாம் வண்டியில காட்டாத" என்றார். அவருக்கு என்னைத் தெரியும்.

அவர் சைக்கிளில் எஞ்சினுக்குப் பிஸ்டன் ரிங் தேடிப் போயிருந்த ஒரு காலையில் அவர்கள் வந்தார்கள். பாலிக் புலாவில், ஜாதிக்காய்த் தோப்பு ஓரமாக நிறுத்தியிருந்தோம். ஒரு ஜப்பான் சோல்ஜர், கூடவே போக்குவரத்து ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா, ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்திலும் அதே நாற்காலியில் இருந்தவர், கசங்காத சட்டை. அந்தச் சோல்ஜர் போருக்கு முன்னால் பட்டணத்தில் படம்பிடிக்கிற கடை வைத்திருந்தவன் என்று சொல்வார்கள். நம் பேச்சு அவனுக்கு எவ்வளவு புரியும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவன் எதிரில் யாரும் ரகசியம் பேசமாட்டார்கள். நான் பிள்ளையைக் கீழே விட்டுக் குனிந்து கும்பிட்டேன்.

கிராணி மூடியைத் திறந்தார். எஞ்சின்மேல் கரியைத் துடைத்து எண்ணைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மகளை இழுத்து என்னோடு சேர்த்துக்கொண்டேன். அவர் சீட்டில் இருந்த எண்ணையே உரக்கப் படித்து, சரி என்று எழுதிக்கொண்டார்.

இந்த ஆளுக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"காசி ஹிடுப்!" என்றான் சோல்ஜர். ஸ்டார்ட் பண்ணு என்கிறான். காலையிலேயே டிரம் மூட்டியிருந்தது. மகளைப் படியில் உட்கார வைத்துவிட்டு, முன்னால் போய்க் கம்பியைப் போட்டுச் சுற்றி, ஏறி உட்கார்ந்தேன். லீவர் மேலேதான் இருந்தது. எஞ்சின் இருமியது, குலுங்கியது, கறுப்பாகப் புகை தள்ளியது. எல்லாம் சொல்லிக் கொடுத்தபடியே நடந்தது.

கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டு மலாயில், "தா போலே பாக்காய், துவான்" என்றார். உதவாத வண்டி, துரை, என்கிறார். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்தார்.

"ஆர் இதைக் கட்டினது? உன்ர மனுசனோ? மெக்கானிக் எண்டு சொல்லித் திரியுறானோ? தோட்டத்தில மரம் சீவினவனிட்டை ஸ்பேனரைக் குடுத்தால் இப்பிடித்தான் வரும். இது லொறி இல்லை, கோழிக்கூடு."

சோல்ஜர் சிரித்தான். கிராணியும் அவனோடு சேர்ந்து சிரித்து, திரும்பி நடக்கத் தொடங்கினார். இரண்டு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போயிருப்பார்கள்.

அந்த எண் விஷயத்தில் பயந்துகொண்டிருந்தேன் அல்லவா, அந்தப் பயம் விலகியதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. நிபோங் திபால் ரப்பர் தோட்டத்தில் என் மாமனார் பால் எடுக்க மரம் சீவியவர்தான். அங்கிருந்து இந்த மனுஷன் தானாக வந்து, பட்டறையில் தரை கூட்டி, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர்கள் எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று பஸ் கம்பெனி நாளிலிருந்தே எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. கோழிக்கூடா? ஆறு சிலிண்டரைக் கவிழ்ந்த லோரியிலிருந்து கழற்றி மலை ஏற்றியவனா மரம் சீவுகிறவன்?

"என் வீட்டுக்காரரப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?" என்று கத்திக்கொண்டே லீவரைக் கீழே இழுத்தேன்.

இருமல் நின்றது. புகை நின்றது. எஞ்சின் அப்படியே குரலெடுத்துப் பாடியது. தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது. ஐந்தாறு நொடி எனக்கு அவ்வளவு பெருமை. அப்போது கிராணியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, பிள்ளை" என்றார், மெதுவாக.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த எண், அந்தச் சிரிப்பு, அந்தக் கோழிக்கூடு, எல்லாம். தலையில் அடித்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். சோல்ஜர் திரும்பி வந்து, லீவரின் மேல் இருந்த என் கையைப் பார்த்தான். அவன் அடிக்கவில்லை. சிரித்தபடி "பாகுஸ்" என்றான், நல்ல வண்டி என்று.

சாமான்களை இறக்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். பலகையும் பானையும் பாயும் ரோட்டோரம் கிடந்தபோது என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஓட்டுகிறவன் யார் என்று சோல்ஜர் கேட்டான். அவர்தான் என்று சொல்லாமலே தெரிந்தது, கையெல்லாம் எண்ணெய். கிராணி கையில் காகிதத்தோடு நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் நேராக அவரிடம் போனார்.

"தமிழன்தானேய்யா நீ? புள்ள குட்டிக்காரன் வீட்டக் காட்டிக் குடுத்துட்டியே!"

கிராணி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் வண்டியில் ஏறும்போது என்னிடம், "நாலஞ்சு நாள்ல வந்துருவேன்" என்றார். அக்கரையில் பிறை ஸ்டேஷனிலிருந்து ரயிலில் வடக்கே போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜாதிக்காய் உலர்த்துகிற கொட்டகையில் தோப்புக்காரர்கள் எனக்கும் மகளுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்தக் கிராணி இரண்டு தடவை அங்கே வந்து, "சேதி ஏதும் வந்ததோ?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. கோபக்காரிக்கு வெட்கமும் கோபம் மாதிரியேதான் வெளியே வரும்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தது சண்டை முடிந்த பிறகு. சயாம் காட்டில் லோரி லோரியாகப் பழுது பார்த்திருக்கிறார். கூடப் போனவர்கள் பலர் இல்லை. இவர் மலேரியாவோடும் ஒரு காது கேட்காமலும் வந்து சேர்ந்தார். பிழைத்து வந்த மனுஷனிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது? இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று பதினேழு வருஷம் ஓடிவிட்டது. நாங்கள் பட்டணத்துக்குத் திரும்பிக் குடியேறிய இடத்தில், அந்தக் கிராணியின் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. எதிரே வந்தால் இவர் காறித் துப்பிவிட்டு அந்தப் பக்கம் போவார். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். நான் பசாருக்குச் சுற்றுவழியில் போகப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், "காட்டிக் குடுத்தவன் போய்ட்டானாம். நல்லதாப் போச்சு" என்றார்.

சோற்றுக் கரண்டியைச் சட்டியில் போட்டேன். "அவரு காட்டிக் குடுக்கலைங்க. நான்தான் லீவர இழுத்தேன்" என்றேன்.

என்னைப் பார்த்தார். கேட்கிற காதைத் திருப்பினார். மறுபடியும் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் இழுத்த?"

"உங்கள மரம் சீவறவன்னு சொன்னாரு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

 அடித்தால் அடிக்கட்டும், வீட்டைவிட்டுப் போ என்றால் போகிறேன் என்று நின்றேன். அவர் எழுந்து கை கழுவினார். வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்றார்.

இரண்டு பேரும் போனோம். வாசலில் ஆண்கள் பக்கம் இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாடை தூக்கத் தோள் கொடுக்க நின்றார். யாரும் தடுக்கவில்லை. நான் உள்ளே போய்க் கிராணியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாலிக் புலாவில உங்கட லொறியைக் காப்பாத்த ஏலாமப் போட்டுது, அந்தப் பிள்ளையை நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிக் கோபப்படுத்திப் போட்டன் எண்டு, நேற்று வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்" என்றார். "அவரை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, தங்கச்சி."