கறுத்த முகத்துக்கு வைத்த வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை காலை, கிளமெண்டியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது எங்கள் விருது மலர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. புகைப்படக் கலைஞர் பிரான்சிஸ் காலமானார். கீழேயே அனுதாபங்கள். ‘எப்போதும் சிரித்த முகம்’, ‘யாரையும் கடிந்து பேசாதவர்’. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரான்சிஸ் அண்ணன் சண்டைக்காரர். அவரோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். போய்ச் சேர்ந்தவரை இப்படிச் சாதுவாக்காதீர்கள்.

சிங்கப்பூர் அரசின் விருது பெறும் மருத்துவமனைத் தாதியரையும் ஆசிரியர்களையும் பூங்கா ஊழியர்களையும் விருது மலருக்காக அவர்தான் படம் எடுப்பார். மலரை வடிவமைப்பது என் வேலை. குழுப்படம் என்றால், இருப்பதிலேயே கறுத்த முகம் எதுவென்று பார்த்து, அதற்குத் தக்கபடிதான் விளக்குகளை வைப்பார். ஒருமுறை அதிகாரி ஒருவர், “என்னைப் பாத்து செட் பண்ணுங்க லா, நான்தானே நடுவுல” என்றார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உங்க முகம் எந்த லைட்லயும் வரும் சார். இவங்களத்தான் எவனும் ஒழுங்கா எடுத்ததில்ல” என்றார்.

‘இவங்க’ என்றது சுவா சூ காங்கிலிருந்து வந்திருந்த தாதி மல்லிகா அக்காவை. அவரைத் தேக்காவில் இருந்த தம் புகைப்படக் கடைக்கு வரவழைத்துத் தனியாகவும் எடுத்தார். அவ்வளவு கம்பீரமான படம். அந்த அதிகாரியிடமிருந்து எனக்குக் குறிப்பு வந்தது: முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கவும். ஆக்கினேன். என் நிறமும் மல்லிகா அக்காவின் நிறம்தான்.

மலர் அச்சாகி வந்ததும் அண்ணன் அதை என் மேசையில் விரித்தார்.

“என் நிறத்துக்கு விருது குடுக்க மாட்டாங்களா அண்ணேன்னு மல்லிகா கேக்குது. நான் என்ன சொல்றது? எவன் கைய வச்சான்?”

“அச்சகத்துல அப்படி வந்துருச்சு அண்ணே” என்றேன். பயம்தான், வேறென்ன.

நேரே அச்சகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார். அங்கிருந்து அதிகாரியிடம் போய் இன்னும் சத்தம் போட்டார். அடுத்த ஆண்டு, ஒத்துப்போகாதவர் என்று அவரைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிவிட்ட அந்த அதிகாரிதான் இப்போது குழுவில் ‘கடிந்து பேசாதவர்’ என்று எழுதியிருக்கிறார். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? அதைக் கேட்க எனக்குத்தான் என்ன யோக்கியதை?

செம்பவாங்கில், அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். அங்கே மல்லிகா அக்காவிடம் சொல்லிவிட்டேன். “அச்சகம் இல்லக்கா. நான்தான் செஞ்சேன்.”

“அண்ணனுக்கு அன்னைக்கே தெரியும்மா” என்றார் அவர். “நீ அனுப்புன ஃபைல அச்சகத்துல தொறந்து காட்டிட்டாங்க. அந்தப் பொண்ணு பேர வெளிய சொல்லாதீங்க, பழிய அதுமேல போட்டு வேலைய எடுத்துருவாங்க, அதுவா வந்து சொல்லும்னு எங்கிட்டயும் சொன்னாரு.”

மூன்று ஆண்டுகள். காய்கறி வாங்க வாராவாரம் அவர் கடை வழியாகத்தான் போனேன். உள்ளேயிருந்து கையை ஆட்டுவார். நானும் ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன்.

நேற்று, நடந்ததையெல்லாம் என் பெயரைப் போட்டு அந்தக் குழுவிலேயே எழுதிவிட்டேன். வேலை போனால் போகட்டும். அநியாயம் செய்த ஒருவரையும் விடாமல் திட்டிய மனிதர், என்னை மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சேர வேண்டிய அந்தத் திட்டைத் தராமலேயே போய்விட்டீர்கள், அண்ணே. உங்களிடமிருந்து என்னிடம் இருப்பது, நீங்கள் திட்டாமல் விட்ட அந்தத் திட்டு ஒன்றுதான்.