மேற்குச் சுவருக்குக் கல் எடுத்தது

வீடு கட்ட வருகிறவர்கள் பூஜை அறை எங்கே, மாடிப்படி எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். அரிசி மில்லில் மெக்கானிக்காக இருந்த செல்வம் கேட்டது வேறு.

"வெக்கைய உள்ள விடாத செங்கல் எதுண்ணே?"

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். செல்வத்தின் மனை பழங்காநத்தத்தில். அவருடைய மகள் ராணிக்குப் பிறவியிலேயே வேர்வை வராது. வேர்க்காத உடம்பில் சூடு தங்கிவிடும். சித்திரை வெயிலில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிடும். வாடகை வீட்டில் தாயார் பேச்சியம்மாள் பகல் முழுக்க ஈரத்துணியோடு மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"இன்னொரு கோடைய இந்தப் பிள்ள தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாருண்ணே. குளுமையா ஒரு எடத்துல வைக்கச் சொல்றாரு" என்றார் செல்வம். ஏசி அவர் கைக்கு எட்டாத பொருள். கரண்ட் போனால் ஃபேனும் இல்லை. சுவரைத்தான் நம்ப வேண்டும்.

மனை குறுகல். மகளின் அறை மேற்கே தள்ளித்தான் அமைந்தது. மேல்தளத்தில் வெயிலைத் தடுக்கச் சுண்ணாம்பும் தட்டோடும் உண்டு. கவலையெல்லாம் சாயங்காலம் வரை வெயில் அடிக்கும் மேற்குச் சுவர்தான்.

எங்கள் தொழிலில் செங்கல்லைக் காதால்தான் வாங்குவோம். இரண்டு கல்லை மோதிப் பார்த்து, கணீரென்று கேட்டால் நல்ல கல். முதலாளியும் அதையே சொன்னார்: "மணி மாதிரி கேட்டா எறக்கு. கல்லுல என்னப்பா வெக்கையும் குளுமையும்?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சத்தம் கல்லின் பலத்தைச் சொல்லும். வெயிலைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

"மூணு துண்டுச் சுவர் கட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றேன்.

"தைக்குள்ள முடிச்சுக் குடுக்கணும், வெளயாடுறியா?" என்றார். ஆனால் தடுக்கவில்லை.

முதல் சுவர் அப்போது புதிதாக வந்திருந்த சிமெண்டு ஹாலோ பிளாக். இரண்டாவது கணீர்க் கல், ஒன்பது அங்குலச் சுவர். மூன்றாவதில் கல்லைக் கிடத்தாமல் பக்கவாட்டில் நிறுத்தி, முன்னும் பின்னுமான இரண்டு வரிசைக்கு நடுவே, வெக்கையைத் தடுக்கக் காற்று நிற்கும்படி இடைவெளி விட்டோம். இதற்குக் கணீர்க் கல் உதவாது. சூளையில் நெருப்பை ஒட்டி வெந்த கல் சத்தம் நன்றாகக் கொடுக்கும், ஆனால் கோணிப்போயிருக்கும், நிறுத்திக் கட்டினால் நேராக நிற்காது. அலங்காநல்லூர் பக்கத்துச் சூளைக்குப் போய், நடு அடுக்கிலிருந்து விளிம்பு நேராக இருந்த கல்லாகப் பொறுக்கினேன். சத்தம் மட்டம்தான்.

"உள்ள இம்புட்டுப் பொந்து விட்டா பாம்பு அடையாதா மாப்ள?" என்று கேட்டார் கொத்தனார் அய்யாவு. நியாயமான கேள்வி. அடிவரிசையையும் மேல்வரிசையையும் கெட்டியாக அடைத்துக் கட்டச் சொன்னேன்.

ஆவணி வெயில் மேற்கே சாய்ந்து நன்றாகக் காய்ச்சிய பிறகு பேச்சியம்மாளை வரச் சொன்னோம். சுவர்களின் பின்பக்கம் வெயில் படாமல் ஓலைத் தட்டி கட்டி அறைபோல மறைத்திருந்தோம். உள்ளே போய் முதல் சுவரைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டார். இரண்டாவதில் வெதுவெதுப்பு. மூன்றாவதில் கையை வைத்தார், பிறகு கன்னத்தை வைத்தார். வெகுநேரம் கன்னத்தை எடுக்கவே இல்லை.

"இதுலயே கட்டிருங்கண்ணே" என்றார்.

முதலாளியும் வந்து தொட்டுப் பார்த்தார். "சரி, இதுலயே ஏத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தையில் குடிபோனார்கள். கத்திரி வெயில் தொடங்கியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மதியம் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. ஓங்கித் தட்டினேன். அப்போதும் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

மேற்குச் சுவரை ஒட்டிப் பாயில் ராணி தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேச்சியம்மாளும் வாய் லேசாகத் திறந்தபடி அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனை கோடையின் தூக்கமோ அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுப்பாமல், சத்தம் வராமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்கு வந்துதான் ஏறினேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: கல்லைத் தட்டிப் பாருங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால், அந்தச் சுவருக்குப் பின்னால் படுக்கப்போவது யார் என்று கேட்டுவிடுங்கள்.