ஈரலுக்குள் ஓடும் சத்தம்

ஸ்கேன் டாக்டரிடம் வருகிறவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. டாக்டரின் மூஞ்சியைத்தான் பார்ப்பார்கள். ரிசல்ட் சொல்லிப் பிழைக்கிற அத்தனை பேருக்கும் இந்த அவஸ்தை தெரியும். நெய்வேலியில் இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன், கேளுங்கள்.

வெறும் வயிறு

ஸ்டெல்லாவும் அந்தோணியும் புருஷன் பெண்டாட்டி. மைன்ஸில் ஷிப்ட் பார்த்த அந்தோணிக்கு ஈரல் கெட்டுப்போக, சென்னையில் ஸ்டெல்லாவின் ஈரலில் பாதியை வெட்டி அவருக்கு வைத்தார்கள். இனி இரண்டு பேருக்கும் ஈரல் வளர வேண்டும், அதற்குள் ரத்தம் ஒழுங்காக ஓட வேண்டும். இடையிடையே அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் அந்தோணி இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார். வயிறு முழுக்கக் காற்று, திரையில் ஒன்றும் தெரியாது. எனக்கு எரிச்சலான எரிச்சல். "ஏம்மா, நீயாவது தடுக்கக் கூடாதா?" என்று ஸ்டெல்லாவிடம் கத்தினேன்.

"பசிக்குதுன்னு அவரு வாயத் தொறந்து கேட்டே வருஷமாச்சி மேடம், எப்புடி வேணாம்னு சொல்றது?"

வால்யூம்

ரத்த ஓட்டத்தை என் மெஷின் உஸ், உஸ் என்று சத்தமாகவும் கேட்க வைக்கும். எல்லாம் நன்றாக இருந்தால் வால்யூமைக் கூட்டி வைப்பது என் வழக்கம். பயந்து வந்தவர்களுக்குப் பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும். அந்தோணி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொள்வாள், சிரிப்பாள்.

"எங்கிட்ட இருந்தப்ப இப்புடி சத்தம் போட்டதேயில்ல மேடம், அவரு வூட்டுக்குப் போனதும் என்னமா துள்ளிகினு கெடக்குது பாருங்க!"

கை செய்த காரியம்

அடுத்த முறை அந்தோணிக்குக் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். அன்றைக்கென்று பார்த்து, சொன்ன பேச்சைக் கேட்டு வெறும் வயிற்றோடு வந்திருந்தார். ஈரலுக்குப் போகிற ரத்தக்குழாயைத் தேடுகிறேன், தேடுகிறேன், ஓட்டமே இல்லை. அடைத்துப் போயிருந்தது. என்னையறியாமல் கை போய் வால்யூமைக் குறைத்துவிட்டது. என்ன மடத்தனம்! மூஞ்சியைக் கல்லாக வைத்துக்கொண்டேனே தவிர, கை விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டேன்.

"எதுக்கும் இன்னிக்கே சென்னைக்குக் கெளம்பிடுங்க, அவங்க ஒருதடவ பாத்துடட்டும்" என்று மழுப்பினேன். அந்தோணி சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஸ்டெல்லா நகரவில்லை.

"நல்லா இருந்தா சத்தமா வைப்பீங்களே மேடம், இன்னிக்கு ஏன் கொறச்சிட்டீங்க?"

முழு ஈரல்

சில வாரம் கழித்து ஸ்டெல்லா தன் ஸ்கேனுக்குத் தனியாக வந்தாள். அந்தோணி சென்னையில் படுத்த படுக்கை. வைத்த ஈரல் வீணாகிவிட்டது. வேறு ஈரல் கிடைத்தால்தான் பிழைப்பார். இவளுக்கோ ஏறக்குறைய பழைய அளவுக்கே வளர்ந்திருந்தது. ரத்த ஓட்டமும் பிரமாதம். எனக்கு வால்யூமைக் கூட்டவும் மனசு வரவில்லை, குறைக்கவும் பயம்.

"உனக்கு நல்லா வளந்துடுச்சிம்மா" என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! எதற்கென்று எனக்கு முதலில் புரியவில்லை. அவள் வாயைத் திறந்ததும்தான் விளங்கியது.

"அப்ப இன்னொரு துண்டு எடுத்துக்கலாம்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம், நான் வெறும் வயித்தோடதான் வந்துருக்கேன்."

ஒருமுறை கொடுத்தவளிடம் மறுபடி வெட்ட மாட்டார்கள் என்று சொல்ல எந்த மெஷினிலும் பட்டன் கிடையாது. அந்த ஒரு வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.